ஏழாவது வளைவு

அன்புள்ள தியாகுவுக்கு,

பெங்களூரிலிருந்து நீ எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இன்று சனிக்கிழமை. நான்கு நாளாகப் பதில் எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன். அடையாற்றுக் கல்லூரியில் கட்டப்போகும் புதிய நூலகத்துக்கு உன் கம்பெனி உன்னை அனுப்ப நினைப்பதையும், நீ வர மறுத்துவிட்டதையும், அவர்கள் கட்டாயப்படுத்தினால் வேலையையே விட்டுவிடப்போவதையும் எழுதியிருக்கிறாய். “என் தங்கச்சி சாகக் காரணமான இடத்தில் நான் ஒரு செங்கல் கூட வைக்க மாட்டேன்” என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்துவிட்டு நான் சட்டையை மாட்டிக்கொண்டு குளத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன். திரும்பி வந்தும் அந்த வரி அங்கேயேதான் இருந்தது. நேரில் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏழு வருஷமாக எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்க முடியாவிட்டால் நிறுத்தி நிறுத்திப் படி, ஆனால் முழுவதையும் படி.

நாற்பத்திரண்டாம் வருஷம் ஏப்ரலில் நீ பதினாலு வயதுப் பையன். பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஜனங்கள் கிடைத்த ரயிலில், கிடைத்த வண்டியில் ஏறிப் போனது உனக்கு நன்றாக நினைவிருக்கும். நம் தெருவில் ஒரு வாரத்துக்குள் பாதி வீடுகளில் பூட்டுத் தொங்கியது. நான் அப்போது அந்தக் கல்லூரிக் கட்டடத்தில் ஓவர்சியர். ஆற்றங்கரையில் ஒரு பெரிய மண்டபமும் அதன் தென்மேற்கில் ஏழு வளைவுகள் கொண்ட தாழ்வாரமும் எழும்பிக்கொண்டிருந்தன. வகுப்பு முடிந்து வெளியே வரும் பிள்ளைகள்மேல் வெயில் நேராக விழக்கூடாது, ஆனால் கடல் காற்று தடையில்லாமல் உள்ளே போகவேண்டும் என்று யோசித்துப் போட்ட படம் அது. சுவருக்குப் பூச்சு கிடையாது. செங்கல் செங்கல்லாகவே தெரியவேண்டும். நீளவாக்கில் ஒரு கல், குறுக்குவாக்கில் ஒரு கல் என்று மாற்றி மாற்றி வைத்து, சுண்ணாம்புச் சாந்தைக் கோடு பிசகாமல் கீறிவிட வேண்டும். அதற்கு முன் இருபது வருஷம் நான் கட்டியதெல்லாம் சாக்கடையும் சுற்றுச்சுவரும் குமாஸ்தாக்களுக்கான வரிசை வீடுகளும்தான். இந்த வேலையில்தான் படம் போட்ட எஞ்சினியர் என்னைக் கூப்பிட்டு, “வளைவு எவ்வளவு உசரம் தூக்கலாம்? உங்க அபிப்ராயம் என்ன?” என்று கேட்டார். நான் சொன்ன உயரத்தையே படத்தில் திருத்தினார். இதை உன் அம்மாவிடம் எத்தனை தடவை சொன்னேனோ, கணக்கில்லை.

எல்லோரும் ஓடத் தொடங்கிய சமயத்தில் ஐந்து வளைவுகள் முடிந்திருந்தன. ஆறாவது, மரச் சாரத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. ஏழாவது தொடங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலும் ஆபீஸ் ஜன்னல்களுக்கு எதிரேயும் குண்டுத் தடுப்புச் சுவர் எழுப்புவதற்காகச் சூளைக் கல்லெல்லாம் போய்க்கொண்டிருந்ததால், எங்களுக்குக் கல் வருவதே சிரமமாக இருந்தது. வளைவைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீ கணக்குப் போட்டுப் படித்தவன், எனக்குக் கண் பழக்கம்தான். அது பாரத்தைக் கீழே மட்டும் இறக்காது, பக்கவாட்டிலும் தள்ளும். வரிசையாக நிற்கும்போது ஒன்றின் தள்ளலை அடுத்தது வாங்கிக்கொள்ளும். கடைசி வளைவுக்கு அப்பால் ஒரு கனமான முட்டுச் சுவர் இருந்தால்தான் வரிசை நிற்கும். பாதியில் விட்டுவிட்டுப் போய், காவல் இல்லாத இடத்தில் சாரத்துச் சவுக்குக் கம்புகளை எவனாவது உருவிக்கொண்டு போய்விட்டால், ஆறாவது சாயும். அது சாய்ந்தால் மற்ற ஐந்தும் அதன் பின்னால் போகும். இந்தப் பயம் உண்மையானது. நான் செய்ததற்கு இதுதான் காரணம் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் பிரின்சிபால் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கல்லூரியை மூடுவதாகவும் கட்டட வேலையை நிறுத்துவதாகவும் கையெழுத்துப் போட்ட காகிதத்தை என்னிடம் கொடுத்தார். “நீங்களும் குடும்பத்தை அழைச்சிக்கிட்டு ஊருக்குப் போங்க. சண்டை முடிஞ்சு நாம எல்லாம் நல்லபடியா இருந்தா மீதியைக் கட்டிக்கலாம்” என்றார். ஆறாவது வளைவைப் பற்றிச் சொன்னேன். “விழுந்தா விழட்டும், ஓவர்சியர். செங்கல்தானே” என்றார்.

தியாகு, லீவு கொடுத்தார்கள். நான் கேட்கும் முன்பே கொடுத்தார்கள். இந்த ஒரு வரியை எழுதத்தான் நான்கு நாள் ஆயிற்று.

அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா பித்தளைப் பாத்திரங்களைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தாள். செய்யாறு பக்கத்தில் இருந்த உன் மாமா ஊருக்கு எல்லோரும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. “என்னங்க, லீவு சொல்லிட்டீங்களா?” என்று கேட்டாள். “இல்லைன்னுட்டாங்க. நீங்க முன்னால போங்க, நான் பின்னாடி வரேன்” என்றேன். நீ கூடத்தில் டிரங்குப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாய். எழுந்து வந்து, “நான் வந்து அந்த பிரின்சிபாலைக் கேக்கட்டுமாப்பா?” என்றாய். “பெரியவங்க விஷயம், உனக்கு எதுக்கு” என்று அதட்டினேன். எழும்பூர் ஸ்டேஷனில் அந்தக் கூட்டத்தில் வசந்தாவை ஜன்னல் வழியாகத்தான் உள்ளே கொடுக்க முடிந்தது. பொங்கல் லீவில் என்னோடு வந்து வளைவுகளை எண்ணிப் பார்த்தவள் அல்லவா? ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “ஏழாவது கட்டி முடிச்சதும் வந்துடுவியாப்பா?” என்று கேட்டாள். ஆறு வயதுக் குழந்தை. நான் ஏன் வரவில்லை என்பது அவளுக்கு மட்டும் சரியாகத் தெரிந்திருந்தது. “வந்துடறேன்” என்றேன்.

என்னோடு தங்கியவர் காதர் பாய். உனக்கு அவரைத் தெரியும், பொங்கலன்று கரும்புக் கட்டு கொண்டு வந்த கொத்தனார். அவருடைய அம்மா படுத்த படுக்கையாக இருந்ததால் அவரால் மயிலாப்பூரை விட்டு நகர முடியவில்லை. திங்கட்கிழமை நான் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போய் இறங்கியதும் அவர் ஆச்சரியப்பட்டார். “இன்னா சார், நீங்க ஊருக்குப் போவலியா? அதான் லீவு வுட்டாங்களே” என்றார். ஆறாவது வளைவைக் காட்டினேன். அவர் சிரித்தார். “இதுக்கா? அந்தாண்ட ரெண்டு ஆள் கனத்துக்குக் கல்ல அடுக்கி முட்டுக் குடுத்துட்டா மூணு மாசம் ஆடாம நிக்கும். நான் இங்கதான கீறேன், பாத்துக்கிறேன். நீங்க கெளம்புங்க சார்.” அவர் சொன்னது சரி. நானே அதைச் செய்யச் சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷத்தோடு என் காரணம் போய்விட்டது. ஆனாலும் நான் தங்கினேன்.

ஏன் என்று நீ கேட்பாய். எனக்கு அந்த ஏழாவது வளைவை என் கையால் மூடவேண்டும். சாரத்தை அவிழ்க்கும்போது நான் அடியில் நிற்கவேண்டும். வேறொருவன் அதைச் செய்துவிட்டான் என்று செய்யாற்றில் உட்கார்ந்து கேள்விப்பட எனக்கு மனமில்லை. இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். காலி ஊர், காலி ரஸ்தா. நானும் காதர் பாயும், என் கைக்காசில் கூலி கொடுத்த இரண்டு ஆட்களும் மட்டும். களத்தில் மிச்சமிருந்த கல்லே போதுமாக இருந்தது. கல்லைத் தொட்டியில் போட்டு, குமிழி அடங்கும்வரை ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வைத்தோம். கல்லூரியிலிருந்து அவசரப்படுத்த ஆள் இல்லை. மத்தியானம் ஆற்றங்கரையில் உட்கார்ந்து பொரிகடலை தின்றோம். உங்களை நினைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். நினைத்தேன். ஆனால் ஊரில் பத்திரமாக இருக்கிறவர்களை நினைக்கிற மாதிரி, சாவகாசமாக நினைத்தேன்.

பத்து நாளில் ஏழாவது மூடியாயிற்று. முட்டுச் சுவரும் ஏறிவிட்டது. சுண்ணாம்பு இறுகுவதற்கு மூன்று வாரமாவது சாரத்தைத் தொடக்கூடாது. அந்த மூன்று வாரமும் காலையிலும் மாலையிலும் சுவருக்குத் தண்ணீர் தெளிப்பதைத் தவிர வேறு வேலையே இல்லை. யார் வேண்டுமானாலும் தெளித்திருக்கலாம். நான் ரயிலேறி வந்து உங்களோடு பதினைந்து நாள் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். நான் தினமும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்த் தண்ணீர் தெளித்தேன். அந்தக் காகிதம் அப்போதும் வீட்டு அலமாரியில் கிடந்தது. லீவு இல்லை என்று சொல்லிவிட்ட பிறகு, என்ன சொல்லிக்கொண்டு அங்கே வந்து நிற்பது என்ற தயக்கமும் சேர்ந்துகொண்டது. ஒரு பொய்யைச் சொன்னவன் அதற்குள்ளேயே குடியிருக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது நாற்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது. உனக்கு இருபத்தொன்று. இப்போதே தெரிந்துகொள்.

மே மாதம் நடுவில் அம்மாவின் கார்டு வந்தது. “வசந்தாவுக்கு இரண்டு நாளாகத் தொண்டை வலி, காய்ச்சல். அண்ணன் சளி என்கிறார். எதுவும் முழுங்க மாட்டேன் என்கிறாள். எப்படியாவது கேட்டுக்கொண்டு வந்தால் தேவலை.” வேலை நடக்கும் இடத்துக்கே தபால்காரர் கொண்டு வந்து கொடுத்தார். அன்று காலைதான் ஆறாவது வளைவின் கீழே ஆப்புகளைத் தளர்த்த ஆரம்பித்திருந்தோம். ஒரேயடியாகத் தட்டக்கூடாது. இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் என்று இறக்கி, பாரம் மெல்ல மெல்லக் கல்லுக்கு மாறவேண்டும். காதர் பாய் என் முகத்தைப் பார்த்து, “இன்னா சார் எழுதிகீறாங்க?” என்றார். “பொண்ணுக்குச் சளி” என்றேன். “சளின்னாலும் போய்ப் பாத்துட்டு வந்துருங்க சார். இத நான் எறக்கமாட்டேனா?” என்றார். “நாளன்னிக்கு முடிஞ்சிரும், முடிஞ்சதும் போறேன்” என்றேன். தொண்டையை அடைத்துச் சிறு பிள்ளைகளைக் கொண்டுபோகும் நோய் ஒன்று உண்டு என்பது எனக்குத் தெரியாததல்ல. வரிசை வீடுகள் கட்டியபோது ஒரு சித்தாளின் குழந்தை அப்படிப் போனதைப் பார்த்தவன்தான். முழுங்க மாட்டேன் என்கிறாள் என்ற வார்த்தையைப் படித்தபோது அந்தக் குழந்தை என் நினைவுக்கு வந்தது. வந்ததை ஒதுக்கினேன்.

இரண்டு நாளில் ஆறாவது இறங்கியது. ஏழாவதும் இறங்கியது. ஒரு மயிரிழை விரிசல் இல்லை. மறுநாள் காலை ரயிலில் காஞ்சிபுரம் போய், அங்கிருந்து, பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடிய பஸ்ஸைப் பிடித்து, மீதி தூரம் நடந்து வந்தேன். மாமா வீட்டு வாசலில் நீ தனியாக உட்கார்ந்திருந்தாய். உன் கால் முழுவதும் புழுதி. முந்தின நாள் வெறுங்காலோடு நாலு மைல் நடந்து போய் நீதான் வண்டி பிடித்து வந்தாயாம். நீயும் அம்மாவும் வசந்தாவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பட்டப்பகலில், அம்மா மடியிலேயே அவளுக்கு மூச்சு நின்றுவிட்டதாம். இதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. என்னைப் பார்த்ததும் நீ எழுந்திருக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாய்.

“இப்பதான் லீவு குடுத்தாங்களாப்பா?”

“ஆமாம்” என்றேன்.

அந்த ‘ஆமாம்’தான், தியாகு. அம்மாவிடம் சொன்ன பொய் என் ஆசைக்காகச் சொன்னது. உன்னிடம் சொன்னது பயத்தில். பதினாலு வயதுப் பையன் தன் தங்கை சாவதை வண்டியில் உட்கார்ந்து பார்த்தவன், அவனுக்குக் கோபப்பட ஒரு ஆள் வேண்டியிருந்தது. எதிரே நின்றது நான். நான் ஒதுங்கிக்கொண்டு, அங்கே இல்லாத ஒரு மனிதரைக் கைகாட்டி விட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்கே தெரியும். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பிரின்சிபால் உனக்குத் தன் கல்லூரியில் இடம் தருவதாகக் கடிதம் எழுதி அனுப்பினார். நீ அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறு கல்லூரிக்கு வெயிலில் நடந்து போய்ப் படித்தாய். அடையாற்றுப் பாலம் வழியாகப் போகவேண்டிய எந்த வேலைக்கும் நீ போனதில்லை. நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்லலாம் என்று எத்தனையோ நாள் வாயெடுத்தேன். நீ பரீட்சைக்குப் படிக்கிறாய், இப்போது வேண்டாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இப்போது வேண்டாம். தள்ளிப்போடுவதில் எனக்குப் பழக்கம் உண்டல்லவா?

போன வருஷம் அம்மா இருதயம் பலவீனப்பட்டுப் படுத்திருந்தபோது, ஒரு மத்தியானம், நீ மருந்து வாங்கப் போயிருந்த சமயத்தில், அவளிடம் சொன்னேன். “கனகம், அன்னிக்கு எனக்கு லீவு குடுத்திருந்தாங்க” என்றேன். அவள் கண்ணைத் திறக்காமலேயே, “தெரியும்” என்றாள். வசந்தா போய், நாம் பட்டணம் திரும்பியதுமே காதர் பாய் துக்கம் கேட்க வந்தாராம். நான் வெளியே போயிருந்தேன், நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். அந்த மனிதர் கள்ளங்கபடம் இல்லாமல் அழுதுகொண்டே, “லீவுதான் குடுத்துட்டாங்களே, போங்க சார் போங்க சார்னு நான் எவ்ளோ சொன்னேம்மா” என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஆறு வருஷம், தியாகு. அந்த ஆறு வருஷமும் அவள் எனக்குச் சோறு போட்டாள். என் சட்டையைத் துவைத்தாள். உன் எதிரில் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. “ஏன் என்னைக் கேக்கலை?” என்றேன். “கேட்டா நீங்க இந்த வீட்ல தலைநிமிந்து இருந்திருக்க மாட்டீங்க. எங்கயாவது போயிருப்பீங்க. பையனுக்குத் தங்கச்சியும் போயி அப்பாவும் போகணுமா?” என்றாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். “ஆனா நான் உங்களை மன்னிச்சேன்னு நெனச்சுக்காதீங்க. அது எனக்கு வரலை. முயற்சி பண்ணிப் பாத்தேன்” என்றாள். பிறகு, “நான் போனப்புறம் அவன்கிட்ட சொல்லிடுங்க. பாவம், அவன் வேற யாரையோ திட்டிக்கிட்டு இருக்கான்” என்றாள். ஒன்பது நாள் கழித்து அவளும் போய்விட்டாள்.

அம்மா காரியத்தன்று பிரின்சிபால் குடையை ஊன்றிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தது உனக்கு மறந்திருக்காது. நீ வாசலை மறித்து நின்றுகொண்டு, “அன்னிக்கு ஒரு வாரம் லீவு குடுத்திருந்தா இந்த வீட்ல இப்ப ஒரு பொண்ணு இருந்திருக்கும் சார்” என்றாய். அவர் உன்னைத் தாண்டி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவு பெரிய மனிதர், ஒரு நொடியில் எல்லாம் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். “தப்புதான் தம்பி” என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். செய்யாத தப்பை வாங்கிக்கொண்டு அவர் வெயிலில் நடந்து போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தும், அன்றுகூட நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது நூலக விஷயம். அதைக் கட்டு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் கட்டமாட்டேன் என்று சொல்வதற்கு நீ வைத்திருக்கும் காரணம் பொய்யானது, அது என்னுடைய பொய். ஒருவேளை நீ வந்தால், அந்த நிலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆற்றுப் பக்கம் நாலடிக்குக் கீழே களிமண், மழைக்காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். அஸ்திவாரத்தை அதற்கும் கீழே கொண்டுபோ. புதுச் சுவரைப் பழைய மண்டபத்தோடு கல்லுக்குக் கல் பல் கோத்துச் சேர்க்காதே. பழையது இறங்கி அமர்ந்துவிட்டது, புதியது இனிமேல்தான் இறங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு அங்குலம் சந்து விடு. வடக்குச் சூளைக் கல் நிறம் நன்றாக இருக்கும், தட்டினால் கணீரென்று சத்தம் வராது. அதை வாங்காதே. ஐப்பசிக்கு முன் சுவரின் தலையை மூடிவிடு. வேலை நடக்கும்போது எவனாவது வந்து வீட்டில் உடம்பு சரியில்லை என்று சொன்னால், என்ன உடம்பு என்று கேட்காமல் அனுப்பிவிடு.

நான் அந்தக் கட்டடத்தைப் பார்த்து ஐந்து வருஷம் ஆகிறது. நன்றாக இருக்கிறது என்று சொல்கிறார்கள். பிள்ளைகள் அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்துதான் படிக்கிறார்களாம்.

உன் கம்பெனிக்கு ராஜினாமா எழுதி வைத்திருந்தால் அதை அனுப்பாதே. பிரின்சிபால் இந்த ஜூனோடு வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார், மந்தைவெளியில்தான் வீடு. நாளை காலை அவரைப் போய்ப் பார்க்கப்போகிறேன். நான் சொல்லவேண்டியதை நான் சொல்லிக்கொள்கிறேன். நீ அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. அவரிடம் சொல்லவேண்டியது உனக்கும் இருக்கிறது. எனக்கு எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுது. தோன்றாவிட்டால் விட்டுவிடு. ஏன் எழுதவில்லை என்று நான் கேட்கமாட்டேன்.

அப்பா